டாக்டரையே திருப்பிக் கேட்ட மருந்துக்கடை

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் இருக்கும் சின்னக் கடை. 31 வருஷம் நர்ஸாக இருந்தவள் நான், மருந்துக்கடைகளை லேசில் பாராட்ட மாட்டேன்.

போன மாதம் ஆத்தாவின் முடக்குவாதத்துக்கு வெளியூர் டாக்டர் எழுதிய சீட்டோடு போனேன். மெதோட்ரெக்ஸேட் 7.5 மி.கி., 1-0-0 (தினமும் காலையில் ஒன்று), 30 நாள். டாக்டர் எழுதியதுதானே என்று நான் பிரித்துக்கூடப் பார்க்காமல் நீட்டிவிட்டேன். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அட்டையை வெட்டப் போனவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். முதலாளியிடம் சீட்டைக் காட்டினாள். "கேட்டுரும்மா" என்றார் அவர்.

"ஆச்சி, கொஞ்சம் இருங்க" என்று போன் போட்டாள். "எழுதினதைக் குடும்மா" என்று அந்தப் பக்கம் அதட்டியது எனக்கே கேட்டது. அவள் குரல் மாறவில்லை. "முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு தடவைதானே சார்? இதுல தினமும்னு இருக்கு." கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் திருத்தம் வந்தது. தினமும் போட்டிருந்தால் வாயெல்லாம் புண், ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து.

ஜூனியர் நர்ஸ்களுக்கு நான் சொல்லித் தந்த ஆய்வு ஒன்று உண்டு. ஹாஃப்லிங் குழு 1966-இல் வெளியிட்டது. முன்பின் தெரியாத 'டாக்டர்' அமெரிக்க ஆஸ்பத்திரி வார்டுக்குப் போன் செய்து, 'ஆஸ்ட்ரோட்டென்' என்ற, யாரும் கேள்விப்படாத மருந்தை 20 மி.கி. கொடுக்கச் சொல்வார். ஒரு நாளைக்கு 10 மி.கி.தான் உச்சம் என்று டப்பாவிலேயே இருக்கும். 22 நர்ஸ்களில் 21 பேர் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள். நல்லவேளை, உள்ளே இருந்தது குளுக்கோஸ். 1977-இல் வேறு இருவர், எல்லோருக்கும் பழக்கமான வேலியம் என்ற பதற்ற மருந்தைக் கூடுதல் டோஸில் கொடுக்கச் சொல்லி, சக நர்ஸ்களிடம் பேசிக்கொள்ளவும் விட்டுப் பார்த்தார்கள். 18 பேரில் 2 பேர்தான் கொடுக்கத் தயாரானார்கள். மருந்தைத் தெரிந்த பெண்ணும், "கேட்டுரு" என்று சொல்லும் முதலாளியும் ஒரே கடையில் அமைந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது.

22 வயதில் ஒரு ராத்திரி டியூட்டியில், டோஸ் கூடுதலோ என்று தோன்றியும் வாய் திறக்காமல் நான் ஊசி போட்டிருக்கிறேன். அந்த நோயாளி பிழைத்துக்கொண்டார். ஆனாலும் அந்த ராத்திரியை என்னால் மறக்க முடியவில்லை.

குறை என்றால், சாயங்காலம் போனால் அரை மணி நேரம் நிற்க வேண்டும், உட்கார ஒரே பெஞ்சுதான். வயசானவர்களைக் காலையிலேயே கூட்டிப் போங்கள். மருந்துக் கவரில் சிவப்புப் பேனாவால் 'திங்கள் மட்டும்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தாள். ஆத்தா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் மாத்திரையை எடுக்கிறாள்.