ஏஏ போதுமா, ஏஏஏ வேண்டுமா?

புது இணையதளம் கட்டுகிறவர்கள் தடுமாறும் இடம் இது: மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்த வழிசொல்லும் டபிள்யூசிஏஜி 2.2 விதிகளில், ஏஏ, அதைவிடக் கடுமையான ஏஏஏ, இவற்றில் எந்த நிலையைப் பிடிப்பது?

எழுத்து: ஏஏ-க்குப் பொதுவாகப் பின்னணியோடு 4.5:1 ஒளி வேறுபாடு போதும்; ஏஏஏ 7:1 கேட்கும். வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற நிறக்குறியீடு கொண்ட சாம்பல் நிறம் முதலாவதில் தப்பிக்கும், அடுத்ததில் தோற்கும். 595959 வரை கருமையாக்க வேண்டும். வெயிலில் போன் பார்க்கிற எல்லோருக்கும் இது லாபம்தான்.

பொத்தான்: ஏஏ-யில் பொதுவாக 24 பிக்சல், ஏஏஏ-யில் 44. கை நடுங்குபவருக்கு 24 சிறியதுதான்.

வீடியோ: ஏஏ-யில் வசன வரிகள், காட்சியைக் குரலில் விவரிப்பது, ஏஏஏ-யில் சைகை மொழியும். செலவு எகிறுவது இங்கேதான்.

தளம் முழுக்க ஏஏஏ என்று விதி வைக்க இந்த விதிகளை வகுத்த டபிள்யூ3சி அமைப்பே பரிந்துரைப்பதில்லை. கடை, செய்தித் தளங்களுக்கு ஏஏ சரி. மருத்துவமனை, ஓய்வூதியப் பக்கங்களில் எழுத்தும் பொத்தானுமாவது ஏஏஏ-க்குப் போகட்டும்.