தம்புச் செட்டித் தெரு வக்கீலும் என் 3 லட்ச ரூபாய் செக்கும்

நண்பன் கொடுத்த செக் பணமில்லை என்று திரும்பி வந்ததும், சென்னை பாரிமுனை தம்புச் செட்டித் தெருவில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். குறுகலான மாடிப்படி, அறை முழுக்கக் கட்டுக்கட்டாக ஃபைல்.

உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "பேங்க் மெமோ என்னைக்குக் கைக்கு வந்தது?" செக் திரும்பியதாக பேங்க் தரும் அந்தச் சீட்டு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பணம் கேட்டு நண்பனுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நோட்டீஸ் கிடைத்த பிறகு அவனுக்கு 15 நாள் அவகாசம், அதிலும் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் (செக் திரும்பினால் போடும் வழக்கு இதுதான்) வழக்குப் போட வேண்டுமாம். நானோ நட்பு, நட்பு என்று 22 நாளைத் தின்றிருந்தேன். அன்று மாலையே நோட்டீஸ் தபாலில் போய்விட்டது.

"பணம் வந்தா பத்து பர்சென்ட் தர்றேன் சார்" என்று இழுத்துப் பார்த்தேன். ஜெயிப்பதில் பங்கு வாங்க, வக்கீல்களைக் கட்டுப்படுத்தும் பார் கவுன்சிலின் விதி இடம் தராது என்று சிரித்துவிட்டு, நோட்டீஸுக்கு இவ்வளவு, வழக்குக்கு இவ்வளவு என்று தாளில் எழுதிக் கொடுத்தார். சரி, நேர்மைதான். ஆனால் டைப்பிங், ஜெராக்ஸ், குமாஸ்தா செலவு அந்தத் தாளில் இல்லை, அது சில்லறை சில்லறையாகப் பின்னால் வரும்!

போன் மட்டும் எடுக்கவே மாட்டார். எனக்காக அவர் ஆஜராக அனுமதி தரும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு பாதி நாள் ஜூனியர்தான் ஆஜர், வாய்தா தேதியை ஈ-கோர்ட்ஸ் ஆப்பில் நானே பார்த்துக்கொள்கிறேன். போவதானால் ஒரிஜினல் செக், மெமோவோடு சாயங்காலம் 6 மணிக்கு மேல் போங்கள், பகலில் ஆளே சிக்க மாட்டார்.