ஊருட் எனும் மலாய் மசாஜா, வீட்டு எண்ணெய்த் தேய்ப்பா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (பாமாயில் தரும் பனை) குலை வெட்டுபவர்களின் தோளும் கழுத்தும் படும் பாடு சொல்லி மாளாது. நாள் முழுக்க அண்ணாந்தபடி நீளக் கம்பு அரிவாளை இழுக்க வேண்டும். ஒரு குலை 20 கிலோகூட இருக்கும்.

கை பழகிய மலாய்க்காரர் ஊருட் பிடித்தால் முதுகு இறுக்கம் நன்றாகத் தளரும். நம் கை அங்கே எட்டாது. ஆனால் காசு வேண்டும், அடிக்கடி முடியாது. கடும் வேலைக்குப் பின் வரும் தசை வலியோ 24 முதல் 72 மணி நேரத்தில்தான் உச்சத்துக்கு வரும். அந்த நாட்களில் தினமும் கொஞ்ச நேரம், இதமான நல்லெண்ணெயில் மெதுவாகத் தேய்த்துவிட ஆள் வேண்டும். அது வீட்டில்தான் நடக்கும். அதனால் என் ஓட்டு வீட்டுத் தேய்ப்புக்கே. முதுகுக்கு மட்டும் எப்போதாவது ஊருட். வீக்கமோ, கை மரத்துப்போவதோ இருந்தால் இரண்டும் வேண்டாம், நேராகக் கிளினிக்குக்குப் போங்கள்.