கல்லடியில் வாடகைக்கு எடுத்த ப்ரொஜெக்டர்

காத்தான்குடி நண்பன் கத்தாருக்குப் போகிறான். போவதற்கு முன் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு படம் போடலாம் என்று, மட்டக்களப்பு கல்லடியில் ஒரு கடையில் ப்ரொஜெக்டர் எடுத்தேன். திரையும் சேர்த்து ஒரு இரவுக்கு 6,000 ரூபாய்.

படம் 2003இல் வந்த ‘அன்பே சிவம்’. ஆங்கிலத்தில் ‘பட்டி பிலிம்’ (buddy film) என்பார்களே, இரண்டு பேரின் உறவே கதையாக ஓடும் படம், அந்த வகை. நண்பர்கள் வந்தாலே அந்த வகை ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது போதாது. ஒத்துப்போகாத இரண்டு பேர் வேண்டும், ஒருவரை ஒருவர் விட்டுப் போகவும் முடியக்கூடாது. 1982இல் வந்த ‘48 ஹவர்ஸ்’ படத்தில் பொலிஸ்காரருக்குச் சிறையில் இருப்பவனின் உதவி தேவைப்படுகிறது. இங்கே புவனேஸ்வரில் மழையால் விமானம் நின்றுவிட, நல்லாவும் (கமல்) அன்பரசும் (மாதவன்) சண்டை பிடித்தபடியே சென்னை வரை சேர்ந்து வருகிறார்கள்.

ஒருவர் பேசும்போது மற்றவர் முகம் என்ன செய்கிறது என்பதில்தான் இந்த வகைப் படத்தின் உயிர். போனில் பார்த்தபோது பேசுகிறவரை மட்டும்தான் கவனித்திருக்கிறேன். எட்டடித் திரையில், கமல் பேசப் பேச மாதவன் எரிச்சலை விழுங்குவது அப்படியே தெரிந்தது. இருட்டிய பிறகு வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் ஒரு குறையும் இல்லை.

குறை சத்தத்தில். உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் ஒரு அறைக்குச் சரி, முற்றத்துக்குக் காணாது. கச்சான் காற்று வேறு. பின்னால் இருந்த அம்மாவுக்கு ஒரு வசனமும் கேட்கவில்லை. அடிதடிப் படம் என்றால் சமாளிக்கலாம், பேச்சே கதையாக இருக்கும் படத்தை எப்படிப் பார்ப்பது? பக்கத்து வீட்டில் ஸ்பீக்கர் இரவல் வாங்கி முதலில் இருந்து போட்டோம். வெளியில்தான் போடப்போகிறேன் என்று எடுக்கும்போதே சொல்லியிருந்தேன். கடைக்காரர் அப்போதே ஸ்பீக்கரும் எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். காலையில் விசயத்தைச் சொன்னதும், மறுபேச்சில்லாமல் 1,000 ரூபாயைத் திருப்பித் தந்தார். அது எனக்குப் பிடித்தது.

நடுவில் நல்லாவின் பழைய கதை நீளமாக ஓடுகிறது. அன்பரசு அதில் இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் ஆட்கள் தேத்தண்ணிக்கு எழும்பினார்கள். “மச்சான், ரெண்டு பேரும் திரும்ப எப்ப ஒண்டா வருவாங்க?” என்று நண்பன் கேட்டான். அந்த இடத்தில் படம் தொய்கிறது என்பதுதான் என் எண்ணமும்.

அவன் லீவில் வரும்போது இதே கடையில்தான் எடுப்பேன். ஸ்பீக்கரோடு, நீளமான வயரும் கேட்டு வாங்கவேண்டும்.