லாரி ஜிபிஎஸ் கருவி: வழி காட்டும், வழக்கில் நிற்குமா?

நாமக்கல் வட்டாரத்தில் லாரி உரிமையாளர்களிடம் "விபத்து வழக்கில் கைகொடுக்கும்" என்று சொல்லி விற்கப்படும் ஒரு ஜிபிஎஸ் கருவியை, அதன் பதிவு நீதிமன்றத்தில் சாட்சியமாக நிற்குமா என்பதை மட்டும் வைத்து மதிப்பிடுகிறேன்.

கருவியில் குறை சொல்ல அதிகமில்லை. திறந்தவெளியில் இருப்பிடம் சில மீட்டர் பிசகுக்குள் விழுகிறது. செல்போன் சிக்னல் இல்லாத இடத்துப் பதிவைச் சேமித்து வைத்துப் பின்னர் அனுப்பிவிடுகிறது. சிக்கலெல்லாம் அறிக்கையில்தான். நிறுவனம் தரும் பிடிஎஃப்பில் லாரியின் தடம் சாலை மேல் பிசிறில்லாமல் ஓடுவதற்குக் காரணம், மென்பொருள் ஒவ்வொரு புள்ளியையும் பக்கத்துச் சாலைக்கு நகர்த்திவிடுவதே. லாரி மேம்பாலத்தில் போனதா, கீழே சர்வீஸ் சாலையில் போனதா என்பதே வழக்காக இருக்கும்போது, அந்த அழகு எதிர்த்தரப்பு வக்கீலுக்குத்தான் பயன்படும். பத்து விநாடிக்கு ஒரு பதிவு என்னும்போது, மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் லாரி இரு பதிவுகளுக்கு இடையில் சுமார் 167 மீட்டர் கடந்துவிடும். பிரேக் பிடித்ததும் மோதியதும் அதற்குள்ளேயே முடிந்திருக்கலாம்.

மூலப்பதிவைக் கேட்டு வாங்கினால், நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. ஐந்தரை மணி கூட்ட வேண்டும் என்ற குறிப்பு எங்கும் இல்லை. வேகமோ, கப்பல்களுக்குப் பயன்படும் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில். 30 என்ற எண்ணைக் காட்டி லாரி மெதுவாகத்தான் போனது என்று வாதாடினால், அது உண்மையில் மணிக்கு 55.6 கி.மீ. என்று குறுக்கு விசாரணையில் வெளிவந்துவிடும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவுப்படி, இத்தகைய மின்னணுப் பதிவுடன் ஹேஷ் மதிப்பை (பதிவில் கைவைத்தால் மாறிவிடும் அடையாளக் குறியீட்டை) குறித்த சான்றிதழ் வேண்டும். அதன் ஒரு பகுதியில் பதிவைத் தாக்கல் செய்பவரும் மறு பகுதியில் வல்லுநரும் கையொப்பமிட வேண்டும். பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்ட இதே போன்ற சான்றிதழும் கட்டாயமே என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உறுதிசெய்திருந்தது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்தை அவ்வளவு இறுக்கிப் பிடிப்பதில்லை. ஆனால் அதே விபத்துக்காக ஓட்டுநர் மேல் நடக்கும் குற்ற வழக்கில் அந்தச் சலுகை கிடையாது. வாடிக்கையாளர் சேவையில் இந்தச் சான்றிதழைக் கேட்டதற்கு, "அதான் பிடிஎஃப்புலயே எங்க சீல் இருக்கே சார்" என்றார்கள்.

லாரி எங்கே நிற்கிறது என்று பார்க்க மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். வழக்கை எண்ணி வாங்குவோர், திருத்தாத மூலப்பதிவும் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் தருவதாக நிறுவனம் ஒப்பந்தத்தில் எழுதித் தந்த பிறகே ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்தவும்.