மைக்ரோசோமா, போர்பைரினா? 5 மில்லிகிராம் கணக்கு

வலிப்புக்குத் தரும் கார்பமசெபினைக் கல்லீரல் முதலில் 10,11-எபாக்சைடாக, அதாவது அதன் இரட்டைப்பிணைப்பில் ஓர் ஆக்சிஜன் ஏறிய பொருளாக மாற்றும். அந்த எபாக்சைடுதான் எங்களுக்கு 5 மில்லிகிராம் தேவைப்பட்டது. கடையில் கிடைக்கும் பொருள்தான்; ஆனால் தெரிந்த ஒன்றில் கை பழகிவிட்டு, விலைக்குக் கிடைக்காத வளர்சிதைப் பொருட்களுக்கு (உடலில் மருந்து மாறி உண்டாகும் பொருட்கள்) போகலாம் என்பது எண்ணம்.

முதல் வழி கல்லீரல் மைக்ரோசோம், அதாவது கல்லீரல் செல்லை உடைத்துப் பிரித்தெடுக்கும் சவ்வுத் துணுக்குகள். அதன் பெருமை துறையில் எல்லோரும் அறிந்தது. உள்ளே இருப்பது மருந்துகளை ஆக்சிஜனேற்றும் அசல் பி450 நொதி. மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் வேண்டும், நொதிக்கு எலக்ட்ரான் தரும் என்ஏடிபிஎச் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

சிக்கல் அளவில் வருகிறது. வழக்கமான 10 மைக்ரோமோலார் செறிவில் ஒரு மில்லிலிட்டருக்கு 2.4 மைக்ரோகிராம் மருந்துதான் இருக்கும். ஒரு மூலக்கூறு விடாமல் மாறினாலும் 5 மில்லிகிராம் எபாக்சைடுக்கு 2 லிட்டர் கரைசல் ஓட்ட வேண்டும். மில்லிலிட்டருக்கு அரை மில்லிகிராம் புரதம் என்றால் மொத்தம் ஒரு கிராம் புரதம். 10 மில்லிகிராம் குப்பியாக வாங்கினால் 100 குப்பி! மருந்தின் செறிவைக் கூட்டலாமே என்று தோன்றும். கூட்டினால் நொதி ஈடுகொடுக்காது, மாறாத மருந்துதான் மிஞ்சும். அப்புறம் அந்த 2 லிட்டரிலிருந்து புரதத்தை நீக்கிப் பொருளைப் பிரிக்கும் வேலை வேறு.

போர்பைரின் பக்கம் வந்தால் கணக்கே வேறு. பி450-இன் மையத்தில் உள்ள ஹீமைப் போன்ற வளையத்துக்குள் இரும்போ மாங்கனீசோ வைத்த வினையூக்கி இது. இரும்புப் போர்பைரினையும் ஆக்சிஜனேற்றியான அயோடோசில்பென்சீனையும் சேர்த்து 1979-இலேயே வேதியியலாளர் ஜான் க்ரோவ்ஸின் குழு வழி காட்டிவிட்டது. நாங்கள் எடுத்தது மாங்கனீசு, ஆக்சிஜனேற்றி அதேதான். 24 மில்லிகிராம் மருந்துக்கு மோல் கணக்கில் ஒரு சதவீத வினையூக்கி என்றால் 0.7 மில்லிகிராம். சில மில்லிலிட்டர் டைகுளோரோமீத்தேன், அறை வெப்பநிலை, ஒரு சின்னக் குடுவை. ஆக்சிஜனைக் கொடுத்தபின் மிஞ்சும் அயோடோபென்சீன், பொருட்களைப் பிரிக்கும் சிலிக்கா பத்தியில் முதலிலேயே இறங்கிவிடும். பத்தியில் மட்டும் கவனம் வேண்டும்: அமிலம் பட்டால் எபாக்சைடு சிதையும்.

குறையும் உண்டு. சாதாரண டெட்ராஃபீனைல் வகைப் போர்பைரின் தன்னையே ஆக்சிஜனேற்றிக்கொண்டு வெளுத்துப்போகும். கரைசலின் நிறம் போய்விட்டால் வினை நின்றது என்று அர்த்தம். 20 ஃபுளோரின் ஏற்றிய வகை கூடுதலாகத் தாங்கும், விலையும் கூடுதல். வினையூக்கி போடாத குடுவை ஒன்றையும் பக்கத்தில் ஓட்டுங்கள். ஆக்சிஜனேற்றி தனியாகவே வேலையை முடித்திருக்கலாம்.

மூன்றாவதாக, மின்சாரத்தால் ஆக்சிஜனேற்றும் மின்வேதி முறை. நைட்ரஜனிலிருந்து மெத்தில் கழற்ற நன்றாக இருக்கிறது. சும்மா கிடக்கும் கார்பனில் ஆக்சிஜன் ஏற்றக் கேட்டால் தடுமாறுகிறது. நான் இரண்டு வாரம்தான் அதைத் தொட்டேன், ஆகவே இதை முடிந்த தீர்ப்பாக எடுக்காதீர்கள்.

சரி, போர்பைரின் மட்டும் போதுமா? போதாது. மருந்தைப் பிடித்து ஒரு பக்கமாகத் திருப்பிவைக்கும் பை அதற்கு இல்லை. வலிநிவாரணி டைக்ளோஃபெனாக்கின் 4'-ஹைட்ராக்சி பொருளை உடலில் முக்கியமாக உண்டாக்குவது பி450 வகைகளில் ஒன்றான 2சி9 நொதி. குடுவை அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுக்கும் என்று நம்ப முடியாது. மருந்தோடு சர்க்கரை அமிலம் ஒன்றை இணைத்துக் குளுகுரோனைடு ஆக்கும் அடுத்த கட்டமும் அதற்கு வராது. கார்பமசெபினில் எளிதாகத் தாக்கக்கூடிய இரட்டைப்பிணைப்பு இருந்ததால் எங்களுக்கு வேலை சுலபமானது. எல்லா மருந்தும் இப்படி இடங்கொடுக்காது.

அதனால் இப்போது ஒரு மில்லிலிட்டர் மைக்ரோசோம் குழாயை முதலில் ஓட்டி, எல்சி-எம்எஸ்ஸில் (பொருட்களைப் பிரித்து நிறையை அளக்கும் கருவி) எபாக்சைடின் உச்சி வரும் நேரத்தையும் நிறையையும் குறித்துக்கொள்கிறோம். குடுவையில் வந்த உச்சி அதோடு பொருந்தினால்தான் பத்தி போடுகிறோம்.