கொலுசுக் கணக்கில் போஸ்ட்கிரெஸ்: இண்டெக்ஸ் இருந்தும் தொடாதது ஏன்?

சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசு கொடுத்து வாங்கும் கணக்கு இவ்வளவுதான்: பட்டறைக்குப் போன வெள்ளியின் எடை, டச் (வெள்ளியின் தரம்), வந்த உருப்படி, கூலி, பாக்கி. இதைப் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் சில வருடம் ஓட்டினால் கட்டாயம் எழும் புகார், "இண்டெக்ஸ் போட்டிருக்கு, ஆனா எடுக்க மாட்டேங்குது". இண்டெக்ஸ் என்பது வேண்டியதைச் சீக்கிரம் தேடிப் பிடிக்க உதவும் அட்டவணை. குவரியை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவு செய்யும் பிளானர், பெரும்பாலும் ஒவ்வொரு வழிக்கும் விலை (பணமல்ல, வேலையின் அளவு) போட்டுப் பார்த்துத்தான் அதை ஒதுக்குகிறது.

டேபிளில் 10 லட்சம் வரிசை (ரெக்கார்டு) என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 கிலோபைட் பக்கத்துக்கு 100 வரிசை வீதம் 10,000 பக்கம். முழு டேபிளையும் முதலிலிருந்து கடைசிவரை படிக்கப் பக்கத்துக்கு 1, வரிசைக்கு 0.01, நிபந்தனையைச் சோதிக்க 0.0025, மொத்தம் 22,500. இண்டெக்ஸ் வழியாகத் தாவிப் படித்தாலோ பக்கத்துக்கு 4. நூற்றுக்கு ஒரு வரிசைதான் வேண்டும், ஆனால் அவை சிதறிக் கிடக்கின்றன என்றால் சுமார் 6,700 பக்கம் தொட வேண்டும். விலை 26,000-ஐத் தாண்டிவிடும். அதனால்தான் பிளானர் அங்கே, தொட வேண்டிய பக்கங்களை முதலில் குறித்துக்கொண்டு வரிசைப்படி படிக்கும் பிட்மேப் ஸ்கேனுக்குப் போகிறது. அந்த 4 சுழலும் டிஸ்க்குக்கான கணக்கு. எஸ்எஸ்டி சர்வரில் அந்த 4-ஐ வைத்திருக்கும் 'ரேண்டம் பேஜ் காஸ்ட்' அமைப்பை 1.1 ஆக்குங்கள். பல இடங்களில் இந்த ஒரு வரியே போதும்.

'தீர்ந்தது' என்ற நிலை நூற்றுக்கு 95 வரிசையில் இருந்தால் அதற்கு இண்டெக்ஸ் எடுக்காததுதான் சரி. 'பாக்கி' வரிசைகளுக்கு மட்டும் பார்ஷியல் இண்டெக்ஸ் போடுங்கள். சின்னதாக இருக்கும், வேகமாகவும் இருக்கும்.

விலைக் கணக்குக்கே வராமல் போவது வேறு வகை. பில் எண் பிக்இன்ட் (முழு எண்) டைப்பாக இருக்க, அப்ளிகேஷன் நியூமெரிக் (தசம எண்) டைப்பாக அனுப்பினால் டேபிளின் அந்தப் பத்தி முழுவதும் நியூமெரிக்காக மாற்றப்பட்டு ஒப்பிடப்படும், இண்டெக்ஸ் பயன்படாது. தேதியிலிருந்து மாதத்தைப் பிரித்துத் தேடினாலும் இதே கதி. ஒன்றாம் தேதி முதல், அடுத்த மாதம் ஒன்றாம் தேதிக்கு முன்பு வரை என்று எழுதுங்கள்.

தமிழ்ப் பெயர்களில் கூடுதல் கவனம் வேண்டும். சில ஃபிரேம்வொர்க்குகள் பெயர்ப் பத்தியை சிறிய எழுத்தாக்கும் 'லோயர்' ஃபங்ஷனுக்குள் போட்டே தேடும். தமிழ் எழுத்தில் பெரியது சிறியது கிடையாது. பலன் ஒன்றுமில்லாமல் இண்டெக்ஸ் மட்டும் பயன்படாமல் போய்விடும். 'மணி' என்று தொடங்கும் பெயர்களை 'லைக்' போட்டுத் தேடுவதற்கு, டேட்டாபேஸின் கொலேஷன் (எழுத்துகளை அடுக்கும் விதி) 'சி' இல்லையென்றால் 'டெக்ஸ்ட் பேட்டர்ன் ஆப்ஸ்' கொடுத்துத் தனி இண்டெக்ஸ் தேவை. இன்னொன்று, இது பிளானர் மேல் தவறாக விழும் பழி: 'கொலுசு' என்பதில் 'கொ'வின் குறியை ஒரே யூனிகோட் எண்ணாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று, தேடலில் வேறு வேறு. சேமிக்கும்போதே 'நார்மலைஸ்' செய்து ஒரே வடிவமாக்கிவிடுங்கள். 13-ஆம் பதிப்பிலிருந்து அது உள்ளேயே இருக்கிறது.

எது காரணம் என்று பார்க்க 'எக்ஸ்ப்ளெயின் அனலைஸ்' கொடுத்து, மதிப்பிட்ட வரிசை எண்ணிக்கையையும் உண்மையில் வந்ததையும் ஒப்பிடுங்கள். இது குவரியை நிஜமாகவே ஓட்டும். அப்டேட், டெலிட் என்றால் டிரான்சாக்ஷனுக்குள் ஓட்டி, மாற்றம் நிற்காமல் ரோல்பேக் செய்யுங்கள். 5 என்று மதிப்பிட்டு 50,000 வந்தால் புள்ளிவிவரம் பழசாகியிருக்கும், முதலில் அதைப் புதுப்பிக்கும் 'அனலைஸ்' ஓட்டுங்கள். தானியங்கி அனலைஸ், பத்தில் ஒரு பங்கும் கூடுதலாக 50 வரிசையும் மாறும்வரை காத்திருக்கும். 10 லட்சத்துக்கு அது 1,00,050. பெரிய டேபிளுக்கு மட்டும் அந்த 0.1-ஐ 0.01 ஆக்குவது நல்லது. அதற்குப் பிறகும் மதிப்பீடு தப்பினால், ஒன்றை ஒன்று சார்ந்த பத்திகளைச் சந்தேகியுங்கள். ஊர் ஏற்காடு, பின்கோடு 636601 என்று இரண்டையும் கேட்டால், பிளானர் அவற்றைத் தனித்தனியாக நினைத்துப் பெருக்கி மிகக் குறைவாக மதிப்பிடும். 10-ஆம் பதிப்பில் வந்த 'கிரியேட் ஸ்டாடிஸ்டிக்ஸ்' இதற்குத்தான்.

முழு டேபிளையும் படிக்கும் வழியை அனுமதிக்கும் 'எனேபிள் சீக்ஸ்கேன்' அமைப்பை ஆஃப் செய்வது சோதனைக்கு மட்டும், அதுவும் உங்கள் செஷனில் மட்டும். ஆஃப் செய்தும் எடுக்கவில்லையா? விலை காரணமில்லை. டைப்பையும் ஃபங்ஷனையும் பாருங்கள். 'கன்கரன்ட்லி' (டேபிளில் எழுதுவதைத் தடுக்காமல்) போட்ட இண்டெக்ஸ் பாதியில் நின்று 'இன்வேலிட்' என்று கிடக்கிறதா என்றும் பாருங்கள். கிடந்தால் நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள்.